கதவைத் தொறந்தது யாருங்க?

கையைத் துடைச்சுட்டீங்களா? அந்தத் துண்டு அதுக்குத்தான் தொங்குது. கோவிச்சுக்காதீங்க, புதுசா வர்ற எல்லாருக்கும் இதே சட்டந்தானுங்க. கீழ பேக்கரில பப்ஸ் தின்னுட்டு அப்படியே மாடிப்படி ஏறி வந்து புத்தகத்துல கை வைப்பாங்க. எண்ணெய் விரல் ஒண்ணு அட்டையில பட்டா முடிஞ்சுது, அப்பறம் அது காமிக்ஸ் இல்ல, பஜ்ஜி மடிக்கிற காயிதம். துடைச்சாச்சா? சரி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, இந்தப் பக்கம் வாங்க. அந்தச் சேர்ல ஒருத்தன் உக்காந்துட்டு இருந்தான். சொல்றேன்.

மத்தவங்க வர நேரமாகுமுங்க. ஞாயித்துக்கிழமை, கறி எடுத்து வூட்டுல குடுத்துட்டுத்தான் ஒவ்வொருத்தரா வருவாங்க. நான் எப்பவும் மொத ஆளு. என் பேரு குமரகுரு, மணிக்கூண்டுக்குப் பக்கத்துல பெயின்ட் கடை. இங்க மாசாமாசம் மொத ஞாயிறு கூடுவோம். அந்த மாசம் யாரு என்ன வாங்குனாங்களோ, அதை இந்தப் பெட்ஷீட் மேல பரப்பணும். தமிழ் காமிக்ஸ், சப்பான்காரன் போடற மாங்கா, கெட்டி அட்டை கிராபிக் நாவல், எதுவா இருந்தாலுஞ் சரி. வரவு காட்டறதுன்னு சொல்லுவோம். முந்தின நாளே வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டரணும். கல்யாணத்துல சீர்த்தட்டு வரிசை வைக்கிற மாதிரித்தான், எல்லாரும் வாயப் பொளந்துட்டு நின்னு பாக்கோணும், வயிறு எரியோணும். வயிறு எரியலீன்னா அது என்னங்க வரவு?

நீங்க என்ன கொண்டுவந்திருக்கீங்க, காட்டுங்க. அட, நல்லாத்தான் இருக்குது. ஆனா பிரிச்சுப்போட்டீங்களே சார்! கண்ணாடிக் கவரைக் கிழிச்சா வாசனை போயிரும், மூலை மடங்கிரும், முதுகுல கோடு வுழுந்துரும். என்றது எல்லாம் கடையில வந்தபடிக்கே இருக்குது. மூணு பீரோ. ஒண்ணுகூடப் பிரிச்சதில்லீங்க. என்ன அப்படிப் பாக்கறீங்க? படிக்கிற ஆளு வேற, சேக்கிற ஆளு வேற. நான் சேக்கிற ஆளு.

படிக்கிறதுக்குத்தான் சென்னியப்பன் இருந்தானே. அதான், அந்தச் சேர்க்காரன். நானும் அவனும் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அவன் ஸ்கூல் வேன் ஓட்டிட்டு இருந்தான். காலைல புள்ளைகளை இறக்கி விட்டுட்டு, சாயந்தரம் ஏத்தற வரைக்கும் வேனுக்குள்ளயே படுத்துட்டுப் படிப்பான். அவன் புத்தகத்தை நீங்க பாக்கோணுமே! சாப்பிட்ட கையோட படிப்பான். ரசம் ஒரு பக்கத்துல, பேருந்து நிலையத்து டீ ஒரு பக்கத்துல. "டேய், இதெல்லாம் புத்தகமாடா, கரித்துணியாடா?"ன்னு கேப்பேன். சிரிப்பான். கிறுக்கன்.

ஆனா கதை சொல்லுவான் பாருங்க! எவனுக்கும் வராதுங்க. சாயந்தரம் வேனை நிறுத்திட்டு நேரா கடைக்கு வருவான். பெயின்ட் டப்பா மேல உக்காந்துட்டு ஆரம்பிப்பான். மழைன்னா டப்பா மூடிமேல விரலால தட்டுவான், மழை வந்துரும். குதிரைன்னா தொடையில அடிப்பான். படத்துல யாரு எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறான், மொகத்துல எங்க நிழல் வுழுவுது, அத்தனையும் சொல்லுவான். என்ற பீரோவுல இருக்கற அத்தனை கதையும் எனக்கு மனப்பாடம், ஒண்ணைக்கூட நான் பிரிக்கல. பாத்துக்குங்க என்ற சாமர்த்தியத்தை! எனக்கு வாங்கறப்ப அவனுக்கும் ஒண்ணு சேத்து வாங்கியாருவேன்; வாங்கற ஆளு நான், படிக்கிற ஆளு அவன். காலத்துக்கும் அப்படியே போயிருக்கும்.

'உப்புத் தீவு'ன்னு ஒரு சப்பான் கதைங்க. ஒரு சின்னப் பதிப்பகம் தமிழ்ல போட்டுச்சு. பாகம் பாகமா, வருசத்துக்கு ஒண்ணு வந்தாப் பெருசு. ஒரு பையன். அவங்கப்பனைப் பிடிச்சுட்டுப் போயி உப்புக் காய்ச்சற தீவுல அடைச்சுடறாங்க. பையன் படகு மாறிப் படகு மாறித் தேடிட்டுப் போறான். வளந்து மீசையே மொளைச்சுருது, இன்னுந் தேடறான். சென்னிக்கு அந்தக் கதைமேல அப்படி ஒரு பைத்தியம். ஏன்னே தெரியல. அவங்கப்பன் லாரியில வடக்க போனவரு திரும்பி வரவேயில்ல, இவன் அப்ப ரெண்டாங்கிளாஸு. அது வேற விசயம், விடுங்க.

கடைசிக்கு முந்துன பாகத்துல என்ன ஆச்சுன்னா, பையன் கடைசித் தீவுக்குப் போயிச் சேந்துடறான். ஒரே ஒரு வூடு. கதவைத் தட்டறான். உள்ள தாழ்ப்பாள் எடுக்கற சத்தம். கடைசிப் பக்கம் முழுசும் கதவு மட்டுந்தான், ஒரு கீத்து வெளிச்சம். அவ்வளவுதான், பாகம் முடிஞ்சுது. இதைச் சொல்லி முடிச்சப்ப சென்னி அழுதுட்டானுங்க. அம்பது வயசு ஆம்பள, பெயின்ட் டப்பா மேல உக்காந்துட்டு! "கதவைத் தொறந்தது யாருடா குரு? அப்பனாத்தான் இருக்கோணும், இல்லையாடா?"ன்னு என்னையக் கேக்கறான். எனக்கெப்படித் தெரியும்? அதுக்கப்பறம் தெனமும் இதே பேச்சு.

அப்பறம் அவனுக்கு ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு கோயமுத்தூர்ல கொண்டுபோயிச் சேத்தாங்க. பெரிய வியாதி. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. அந்தச் சமயம் பாத்துத்தான் கடைசிப் பாகம் வருதுன்னு சேதி வந்துச்சு. பதிப்பகத்தையே மூடறாங்களாம், கொஞ்சமாத்தான் அடிச்சாங்களாம். சொன்னா நம்பமாட்டீங்க, படுத்த படுக்கையில இருந்து போன் பண்றான். "டேய் குரு, எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கிருடா. மறந்தராத." நானும் சரின்னேன். அலைஞ்சேனுங்க! கடையில ஆளை உட்டுட்டு, சேலத்துக்கு நானே பஸ் ஏறிப் போயி, கடைக்காரங்கிட்டக் கெஞ்சி, ரெண்டு வாங்கிட்டு வந்தேன். நானாச்சு, வேற எவனாச்சும் போவானா?

வூட்டுக்குக் கொண்டுவந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் பாத்தேன். என்ன அழகு! கருப்பு அட்டை, மேல வெள்ளிக் கோடு. சத்தியமாச் சொல்றேன், எடுத்துக் குடுக்க எனக்கு மனசே வரலீங்க. நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. அவன் கையில போனா என்னாகும்? டெட்டால் கை, குளுக்கோஸ் கை, கஞ்சி ஒழுகும். ரெண்டு நாள்ல கந்தலாயிரும். அவனும் போகப்போறான்னு டாக்டரே சொல்லியாச்சு. அவனுக்கப்பறம் அந்தப் புத்தகம் அந்த வூட்டுல என்ன பண்ணும்? பொண்டாட்டிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மதுரையில ஒருத்தரு, நம்ம குரூப்ல இருக்கறவருதான், ஒரு பழைய கிராபிக் நாவல் வச்சிருந்தாரு, நான் ஏங்கிட்டே கெடந்தது. கடைசிப் பாகம் ஒண்ணு குடுத்தா அதைத் தர்றேன்னாரு. மாத்திக்கிட்டேன். புத்தகம் நல்ல எடத்துக்குப் போச்சேன்னு எனக்கு நிம்மதி. அவரும் என்னைய மாதிரித்தான், பிரிக்கவே மாட்டாரு.

சென்னிகிட்ட இன்னும் புத்தகம் வரலீன்னு சொல்லிவச்சேன். நோயாளிகிட்ட வேற என்னத்தச் சொல்றது? தெனமும் போன் பண்ணுவான். "வந்துருச்சாடா?" "இல்லடா, நாளைக்கு." அதோட போயிருக்கும். நாந்தான் ஒரு தப்புக் கணக்குப் போட்டுட்டேன். மதுரைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒட்டுக்கா நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தேன் பாருங்க, அதை வரவுன்னு குரூப்ல போட்டுட்டேன். ரெண்டு காப்பி வச்சிருக்கறவன் ஈரோட்டுலயே நான் ஒருத்தன்! காட்டாம இருக்க முடியுமா? அவனும் அதே குரூப்ல இருக்கறானேன்னு எனக்குத் தோணவேயில்ல. ஆஸ்பத்திரில படுத்திருக்கறவன் வாட்ஸ்அப் பாப்பான்னு யாருங்க நெனைப்பா?

உடனே போன். நான் பயந்துட்டேன், திட்டப்போறான்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "டேய்! ரெண்டு இருக்குது! ஒண்ணு என்றதுதானே? எனக்குத் தெரியாம வாங்கி வச்சுட்டு, கொண்டுவந்து காட்டி ஆச்சரியப்படுத்தப் பாத்தயா? திருட்டுப் பயலே!" ஒரே சந்தோசம். மூச்சு வாங்குது, சிரிக்கறான். நானும் ஆமான்னுட்டேன். வேற என்ன பண்றது?

வேற வழியில்லாம என்றதை எடுத்துட்டுப் போனேன். காட்டறதுக்குத்தான், குடுக்கறதுக்கில்ல. பஸ்ஸுல கூட்டம், நெஞ்சோட அணைச்சு வச்சுட்டு நின்னுட்டே போனேன், மூலை மடங்கிருமோன்னு உசுரே போச்சு. ஆஸ்பத்திரில அவனைப் பாத்தா, எலும்பும் தோலுமாக் கெடக்கறான். கோகிலா, அவன் வூட்டுக்காரி, ஆரஞ்சு உரிச்சுட்டு இருந்துச்சு. அந்தக் கையோட, "குடுங்ணா, பாக்கலாம்"னு நீட்டுச்சு பாருங்க! எட்ட நின்னுட்டேன். சென்னி தொட்டுப் பாத்தான். கவர் மேலதான். விரலால அந்த வெள்ளிக் கோட்டைத் தடவிட்டே, "பிரிடா"ன்னான்.

நான் புத்தகத்தைச் சட்டுனு பைக்குள்ள வச்சுட்டேன். "இது என்றதுடா. உன்றது வூட்டுல இருக்குது. அதைப் பிரிச்சு நானே படிச்சுட்டேன்"னு சொன்னேன். எப்படி வந்துச்சோ வாயில, வந்துருச்சு. அப்பத்தாங்க அவன் மொகத்தைப் பாக்கோணும். "நீயா? நீ பிரிச்சயா? நீ படிச்சயா?"ன்னு கேக்கறான். கோகிலாவைக் கூப்பிட்டு, "அம்மிணி, கேட்டயா? குரு புத்தகத்தைப் பிரிச்சுட்டானாம்! எனக்காகப் பிரிச்சுட்டானாம்!"னு என்னமோ ஊர்க்கோயில் தேரு எடுத்த மாதிரிச் சொல்றான். தலையணை வச்சுத் தன்னைய உக்கார வைக்கச் சொன்னான். "எத்தனை கதை நான் சொல்லியிருக்கேன்! இன்னைக்கு நீ சொல்றா. நிதானமாச் சொல்லு. கதவைத் தொறந்தது யாரு?"

இப்பப் பாருங்க என்ற நெலமையை. நான் எங்க படிச்சேன்? வாசல்ல வாட்ச்மேன் வேற, பாக்க வந்தவங்க கிளம்புங்கன்னு சத்தம் போட்டுட்டு இருக்கறான். ஈரோட்டு பஸ்ஸை உட்டா அடுத்தது கூட்டமா வரும், கையில புத்தகம். அப்பன்தான் தொறந்தான்னு சொல்லியிருக்கலாமேன்னு இதைக் கேக்கற யாருஞ் சொல்லுவாங்க. ஈஸியாச் சொல்லிருவாங்க! அப்பன்னு சொன்னா உடுவானா அவன்? அப்பன் என்ன சொன்னான், பையனை அடையாளம் தெரிஞ்சுதா, தாடி வச்சிருந்தானா, யாரு மொதல்ல அழுதா, அந்தப் பக்கத்துல எத்தனை கட்டம், நிழல் எந்தப் பக்கம், நோண்டி நோண்டிக் கேப்பான். எனக்கு அதெல்லாம் சோடிக்க வருமா? அதனால, "யாருமே இல்லடா. காத்துல தொறந்துக்கிச்சு. உள்ள வெறும் வூடு"ன்னு சொல்லிட்டேன். நறுக்குனு முடிஞ்சுதா இல்லையா?

"யாருமே இல்லையா?"ன்னான்.

"இல்ல."

"நல்லாப் பாத்தயா? தாழ்ப்பாள் எடுக்கற சத்தம் கேட்டுச்சேடா. உள்ளருந்துதானே எடுக்கோணும்?"

பாருங்க, படுக்கையிலயும் கேள்வி கேக்கற புத்தி போகல! "அது வேற ஏதோ சத்தம்டா. கதையே அவ்வளவுதான், யாரும் வரல"ன்னு கொஞ்சம் கறாராச் சொன்னேன். அவன் என்ற பையைப் பாத்தான். அப்பறம், "சரிடா. பத்திரமாப் போ. புத்தகம் நசுங்கிரும்"னான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். வந்தவனுக்கு ஒரு வாய் காப்பிகூடச் சொல்லல.

அந்த வாரமே போயிட்டான். எழவு வூட்டுல கோகிலா என்னையத் தனியாக் கூப்புட்டுக் கேக்குது, "அண்ணா, அன்னைக்கு அவருகிட்ட என்ன கதை சொன்னீங்க? நீங்க போனதுலருந்து ஒரு பேச்சு இல்லீங்ணா. யாரு கதவைத் தொறந்தாலும் திரும்பிப் பாக்கவேயில்ல"ன்னு. என்னத்தச் சொல்ல? மருந்து வேகம், மயக்கத்துல அப்படித்தான் இருக்கும்னேன். எனக்கும் துக்கம்தானுங்க! அழுதேன். சாயந்தரமானா கடையில எனக்குக் கதை சொல்ல இனி யாரு இருக்கா? அதை யாராச்சும் நெனைச்சுப் பாத்தாங்களா?

இப்பத்தான் வருது விசயம். கருமாதி முடிஞ்சு அடுத்த மொத ஞாயிறு, நாங்க எல்லாரும் இங்க உக்காந்திருக்கறோம், கோகிலா படியேறி வருது. கையில ரெண்டு பெரிய கட்டைப்பை, சென்னியோட புத்தகம் பூராவும். "அவரு உங்களுக்கெல்லாம் குடுக்கச் சொன்னாரு"ன்னு இந்தப் பெட்ஷீட் மேலயே கொட்டி அடுக்குச்சு. அப்பறம் எல்லார் முன்னாடியும் எம் பக்கம் திரும்பி, "அண்ணா, அவரோட கடைசிப் பாகம் உங்க வூட்டுல இருக்குதில்லீங்களா, நீங்க பிரிச்சுப் படிச்சது? அது ஒண்ணை மட்டும் நான் வச்சுக்கறனுங்ணா. கொண்டுவந்து குடுங்க"ன்னுது.

தொலைஞ்சுபோச்சு அம்மிணின்னு சொல்லி வாய் மூடல, எல்லார் போனும் ஒண்ணா அடிக்குது. மதுரைக்காரரு வரவு போட்டோ போட்டிருக்கறாரு! கருப்பு அட்டை, வெள்ளிக் கோடு, மேல கவர் பளபளன்னு. கீழ, "அன்பு நண்பர் குமரகுரு தந்தது. பிரிக்கப்படாதது"ன்னு எழுதி, கும்பிடு வேற போட்டிருக்கறாரு. மனுசனுக்கு நேரங்காலம் தெரிய வேண்டாமா? ஒருத்தன் போனைப் பாக்கறான், என்னையப் பாக்கறான். ஒருத்தன் போனை அப்படியே கோகிலா கையில குடுத்துட்டான்.

கோகிலா கத்துச்சுன்னாக்கூடச் சமாளிச்சிருப்பேனுங்க. கத்தல. போனைக் குடுத்துட்டு, புத்தகத்தையெல்லாம் ஒவ்வொருத்தருக்காக் குடுத்துச்சு. பேரு சொல்லிக் கூப்புட்டு, ரெண்டு கையிலயும் குடுத்துச்சு. பிரியாணிக் கடைக்காரனுக்கு, வக்கீலுக்கு, போன மாசம் சேந்த பையனுக்குக்கூட. எனக்கு மட்டும் இல்ல. அவனுக்கு எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துப் பழக்குனவன் நான்! கடைசியா அந்தக் கதவுப் பாகத்தை, கடைசிக்கு முந்துனதை, எடுத்து எம் மடியில வச்சுது. "பிரிச்சதுதானுங்ணா. நீங்க படிக்கலாம்"னு சொல்லிட்டு எறங்கிப் போயிருச்சு.

அவமானமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. அத்தனை பேரு முன்னாடி ஒரு அழுக்குப் புத்தகத்தை மடியில வைக்கறது! ரசக் கறை, முதுகெல்லாம் வெடிப்பு. பீரோவுல வைக்க முடியுமா அதை? அன்னைலருந்து இவங்களும் நான் வந்தாப் பேச்சை நிறுத்திடறாங்க. எம் பக்கத்துச் சேர்ல யாரும் உக்கார்றதில்ல. பொறாமைங்க, வேறென்ன. கடைசிப் பாகம் எங்கிட்டத்தானே இருக்குது.

பாக்கறீங்களா? பையிலதான் வச்சிருக்கறேன், எங்க போனாலும் வச்சிருக்கறேன். தோ. தொடாதீங்க, அங்கிருந்தே பாருங்க.

ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்த அழுக்குப் பாகத்தை ஒரு நாள் கடையில, ஆளில்லாத நேரத்துல பிரிச்சுப் பாத்தனுங்க. நான் மொதமொதல்ல படிச்ச புத்தகம் அதுதான். கடைசிப் பக்கத்துக் கதவுமேல விரல் பட்டு விரல் பட்டு, அந்த எடம் மட்டும் கறுத்துக் கெடக்குது. கீத்து வெளிச்சம் இருக்கற எடம். அதுலருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. யாரு தொறந்திருப்பா? தாழ்ப்பாள் சத்தம் கேக்குதே, உள்ள ஆள் இருக்கோணுமே? சென்னி இருந்தாச் சொல்லியிருப்பான். மதுரைக்காரருக்குப் போன் பண்ணுனேன், பிரிக்கமாட்டேன்னு ஒரே போடாப் போட்டுட்டாரு. எனக்கே கோவம் வந்துருச்சு. மனுசனாங்க அவரெல்லாம்?

என்னது? நானே பிரிச்சுப் பாத்துக்கறதா? இதையா? சார், நீங்க புதுசு, அதனால பொறுத்துக்கறேன். இதைப் பிரிச்சுட்டா அப்பறம் எங்கிட்ட என்னங்க இருக்குது?

கோவம் வேண்டாம், எந்திரிக்காதீங்க. சென்னியோட அந்தச் சேர்லயே உக்காருங்க, பரவால்ல, உக்காருங்க. உங்களுக்குக் கதை சொல்ல வருமா? மழைக்கு விரலால தட்டுவீங்களா? எங்காச்சும் பழைய புத்தகக் கடையில, யார் வூட்டுலயாச்சும், இந்தக் கடைசிப் பாகம் கெடைச்சாப் படிச்சுட்டு வாங்க. வந்து எங்கிட்டச் சொல்லுங்க. நிழல் வேண்டாம், கட்டம் வேண்டாம், தாடி வேண்டாம். கதவைத் தொறந்தது யாருன்னு மட்டும் சொன்னாப் போதும். ஆனா ஒண்ணுங்க, யாருமே இல்லைன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராதீங்க.